பிப்ரவரிக்கு 29 நாள்: ஒரு செட்டில்மென்ட் கணக்கு

அக்கா கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்து வைத்திருந்தார். மேலே கம்பெனி முத்திரை, நடுவில் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ (வேலையை விடுகிறவரின் கடைசிக் கணக்கு) என்ற தலைப்பு, கீழே கைக்கு வரும் தொகை 13,607 ரூபாய். அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: மேற்கண்ட தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி நிறுவனத்திடமிருந்து எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை.

“இதுல கையெழுத்துப் போட்டாதான் ரிலீவிங் லெட்டராம் தம்பி. போட்டுடட்டுமா?”

அக்கா எங்கள் தெருவில் எதிர்வீடு. தண்டையார்பேட்டை. நான் பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவன், வக்கீல் இல்லை. ஆனால் இதே மாதிரித் தாள்களை நானே எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். எந்த வரியில் எதை விழுங்குவார்கள் என்று ஓரளவு தெரியும். “இப்போதைக்குப் போடாதீங்கக்கா” என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன்.

அக்கா வேலை பார்த்தது மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில். கேட் பாஸ் போடுவது, வண்டி வரும் போகும் நேரத்தைப் பதிவது, பில்லுக்குக் கணக்கு அனுப்புவது. 2017 ஜூலை 3-ஆம் தேதி சேர்ந்தார். சம்பளம் கடைசியாக 24,000 ரூபாய். அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 13,000, மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ். மணலி சாலையில் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது மணி. பையன் பத்தாவது. ராயபுரத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை கிடைத்ததும் 2024 ஜனவரி 31 மாலை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டார். கடைசி வேலை நாள் பிப்ரவரி 29.

இனி தாளில் இருந்த கணக்கு. பிப்ரவரி சம்பளம் பி.எஃப். 1,560 போக 22,440. விடுப்புப் பணம் இல்லை. கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை. போனஸ் இல்லை. நோட்டீஸ் காலத்தில் ஒரு நாள் குறைவு என்று 433 ரூபாய் பிடித்தம். ‘கேட் பிழை’ என்று 8,400 ரூபாய் பிடித்தம். மிச்சம் 13,607.

கம்பெனிகள் இதை ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்போது சம்பளம் ஒரு சட்டம், கிராஜுவிட்டி இன்னொரு சட்டம், போனஸ் மூன்றாவது, பி.எஃப். நாலாவது, விடுப்புப் பணம் பெரும்பாலும் நியமன ஆணையையும் கம்பெனி விதியையும் பொறுத்தது. ஒவ்வொன்றுக்கும் கெடு தனி, போய்ச் சொல்ல வேண்டிய இடம் தனி. எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் கீழே ஒரு கையெழுத்து கேட்டால், 433 ரூபாய்க்கான தகராறு 52,500 ரூபாய் கிராஜுவிட்டியையும் சேர்த்து நிறுத்திவைக்கும். அதனால் நாங்கள் முதலில் செய்தது மூட்டையைப் பிரித்ததுதான். சம்பளத்துக்கு ஒரு கடிதம், விடுப்புக்கும் பிடித்தத்துக்கும் ஒரு கடிதம், கிராஜுவிட்டிக்குத் தனியாகப் படிவம்.

அந்த ஒரு நாள்

433 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அதில்தான் அக்காவுக்குக் கோபம் அதிகம். எச்.ஆர். சொன்ன கணக்கு இது: நோட்டீஸ் முப்பது நாள், நீங்கள் பார்த்தது இருபத்தொன்பது நாள். 13,000-ஐ முப்பதால் வகுத்து ஒரு நாள் கூலி 433.

நியமன ஆணையை எடுத்துப் பார்த்தோம். அசல் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வங்கிக் கடனுக்காக எடுத்த ஜெராக்ஸ் கிடைத்தது. அதில் ‘முப்பது நாள்’ என்று எங்கேயும் இல்லை. ‘ஒரு மாதம்’ என்றுதான் இருந்தது. மாதம் என்றால் காலண்டர் மாதம். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமும் மாதத்துக்கு அந்தப் பொருளைத்தான் தருகிறது. ஜனவரி 31-ல் கடிதம் கொடுத்து பிப்ரவரி முழுக்க வேலை பார்த்தவர் ஒரு மாதம் பார்த்திருக்கிறார். அது லீப் வருடம், ஒரு நாள் கூடவே கிடைத்திருக்கிறது கம்பெனிக்கு. “போன வருஷம் கொடுத்திருந்தா ரெண்டு நாள் புடிச்சிருப்பானுங்களா?” என்று கேட்டார். பிடித்திருப்பார்கள்.

கேட் பிழைக்கு வருவோம். கண்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்தும் ஏழு எண்ணும். கடைசி எண் சரிபார்ப்பு எண். முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த எண் வர வேண்டும். இரண்டு எண்கள் இடம் மாறினால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்த யார்டின் கேட் கம்ப்யூட்டரில் அந்தச் சரிபார்ப்பை யாரும் வைக்கவே இல்லை. 2023 நவம்பரில் ஒரு நாள் 47 என்பது 74 ஆகிவிட்டது. வேறு பெட்டியை டிரெய்லரில் ஏற்றி, துறைமுக வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள். வண்டி வாடகையும் ஏற்றி இறக்கிய கூலியும் 8,400. அன்றைக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை. சூப்பர்வைசர் திட்டியதோடு முடிந்த விஷயம், மூன்று மாதம் கழித்து செட்டில்மென்ட் தாளில் எழுந்து வந்தது. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால் முதலில் ஆளைக் கேட்க வேண்டும். கேட்காமல் பிடித்தது செல்லாது என்றுதான் கடிதத்தில் எழுதினோம்.

விடுப்புப் பணம் சுலபமாக இருந்தது. அதே ஜெராக்ஸின் மூன்றாம் பக்கத்தில், வேலையை விட்டுப் போகும்போது சேர்ந்திருக்கிற விடுப்புக்குப் பேசிக் கணக்கில் பணம் என்று இருந்தது. “பாலிசி மாறிடுச்சு மேடம்” என்றார்கள். மாறிய பாலிசியைக் காட்டச் சொன்னோம், வரவில்லை. ஜனவரி சம்பளச் சீட்டிலேயே மீதி 22 நாள் என்று அச்சாகியிருந்தது. 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. ஆக 11,000 ரூபாய்.

ராஜினாமா என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது

கிராஜுவிட்டி பற்றி எச்.ஆர். சொன்னது: “அது ரிட்டையர் ஆகிறவங்களுக்கு மேடம். நீங்களாதானே போறீங்க.”

இதை உண்மையாகவே நம்புகிற எச்.ஆர். ஆட்களும் உண்டு. அப்போது அமலில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் 4-வது பிரிவைப் பிரித்தால், ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு எப்போதெல்லாம் தர வேண்டும் என்ற இடத்தில் ‘ஓய்வு அல்லது ராஜினாமா’ என்றே எழுதியிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம் என்றால் சட்டம் பொருந்தும். யார்டில் ஆபீஸ் ஆட்களே முப்பது பேருக்கு மேல்.

தொகைக் கணக்கு இப்படி. கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ. இரண்டையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். மாதத்தில் நாலு ஞாயிறு போனால் வேலை நாள் 26 என்பதுதான் அந்த எண்ணின் காரணம். முதலாளிகள் இதை முப்பதாக்கப் பார்த்தார்கள். 1980-ல் திக்விஜய் வூலன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 26-தான் சரி என்றது, பிறகு சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் அது முழு வருடம். அக்காவின் சேவை ஆறு வருடம், ஏழு மாதம், சொச்சம். அதாவது ஏழு வருடம். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500, பதினைந்து மடங்கு 7,500, ஏழு வருடத்துக்கு 52,500 ரூபாய்.

ஐந்து வருடம் முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடமாகும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நாலு வருடம் பத்து மாதத்தில் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் நடுவில் கிராஜுவிட்டி கேட்கிற ‘ஐ’ (I) படிவத்தை நிரப்பி, ரிஜிஸ்டர்ட் தபாலில் அனுப்பினோம். விண்ணப்பம் வராவிட்டாலும் கணக்குப் போட்டு முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டியது முதலாளியின் வேலைதான். ஆனால் பிற்பாடு கையில் ஒரு ஆதாரம் வேண்டுமே. அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் திடீரென்று வங்கிக் கணக்கில் 13,607 ரூபாய் மட்டும் விழுந்தது, கையெழுத்து இல்லாமலே. அப்போதுதான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. கையெழுத்து இல்லாமல் பணம் தர முடியாது என்று சொன்னவர்கள்தானே தந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் இருவரும் லீவு போட்டுவிட்டு, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி நேரே ஏ.ஜி-டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கினோம். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் அந்த டி.எம்.எஸ். வளாகத்தில்தான். கையில், கம்பெனி தராவிட்டால் அதிகாரியிடம் கொடுக்கிற ‘என்’ (N) படிவம். அங்கே இருந்த ஊழியர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “கம்பெனிக்கு வேற ஸ்டேட்ல கிளை இருக்காம்மா?”

அக்கா பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் விசாகப்பட்டினம், கொச்சி என்று இருந்தது. நான் அதைப் பத்துத் தடவை படித்தவன், அந்த வரியை மட்டும் கவனிக்கவே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால் அப்போது கிராஜுவிட்டிக்கு உரிய அரசு மத்திய அரசு. மனு போக வேண்டியது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிற மத்தியத் தொழிலாளர் உதவி ஆணையருக்கு. தப்பான வாசலில் மனுவைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஊழியர் அரை நிமிடத்தில் எங்களை அதிலிருந்து காப்பாற்றினார். அன்றைக்கே ஆட்டோ பிடித்து சாஸ்திரி பவன் போனோம். இந்தப் படிவத்துக்கு அப்போது கெடு தொண்ணூறு நாள். தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிப்பார்கள் என்றாலும், எதற்கு அந்த வம்பு?

ஜூனில் முதல் விசாரணை. கம்பெனி சார்பில் எச்.ஆரும் ஒரு கன்சல்டன்ட்டும் வந்தார்கள். ரிட்டையர் ஆனால்தான் என்ற பேச்சு அங்கே எழவே இல்லை. அதற்குப் பதிலாக 39,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு. 26-க்குப் பதில் 30, ஏழு வருடத்துக்குப் பதில் ஆறு. இரண்டு சின்னத் திருத்தத்தில் 13,500 ரூபாய் காணாமல் போயிருந்தது. அதிகாரி கால்குலேட்டரைத் தட்டி, எண்ணை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கன்சல்டன்ட் உடனே அடுத்ததைத் தொடங்கினார்: கேட் பிழையில் 8,400 நஷ்டம், கிராஜுவிட்டியில் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தச் சட்டத்தின் 4(6) பிரிவு, ஊழியரின் செயலாலோ அலட்சியத்தாலோ நஷ்டம் வந்து, அதற்காகவே வேலையிலிருந்து நீக்கினால்தான் அந்த நஷ்டத்தின் அளவுக்குக் கிராஜுவிட்டியைப் பிடிக்க இடம் கொடுக்கிறது. அக்காவை யாரும் நீக்கவில்லை. அவராகப் போனார். “நீங்களாதானே போறீங்க” என்று எச்.ஆர். முதல் நாள் சொன்ன வாக்கியம் இங்கே எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்த முழு விவகாரத்திலும் பிடித்த கணம் அதுதான்.

ஆகஸ்டில் இரண்டாம் விசாரணைக்கு 52,500 ரூபாய்க்குக் காசோலையோடு வந்தார்கள். மேலும் இழுத்தால் உத்தரவு வரும். அப்பீல் போவதென்றாலும் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல கலெக்டர் மூலம் வசூலாகும். இதெல்லாம் கன்சல்டன்ட்டுக்குத் தெரியும்.

வட்டிதான் மிச்சம். தாமதமான கிராஜுவிட்டிக்கு அந்தச் சட்டப்படி ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. ஆறு மாதத்துக்கு 2,625 ரூபாய். உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவில் வைத்துப் பேரம் நடந்தது. வட்டியை விட்டுவிட்டால், பிடித்த 8,833 ரூபாயும் விடுப்புப் பணம் 11,000-மும் ரிலீவிங் லெட்டரும் அன்றைக்கே. நான் வேண்டாம் என்றேன். வட்டி அவருடைய உரிமை, மற்றவையும் அவருக்கு வர வேண்டியவைதான், தன் பணத்தைத் தன் பணத்துக்கு விலையாக யாராவது கொடுப்பார்களா?

“வட்டிய வச்சி இன்னா பண்ணப் போறேன் தம்பி. புது ஆபீஸ்ல ஆறு மாசமா லெட்டர் லெட்டர்னு கேட்டுனு இருக்காங்க. வாங்கினு போலாம் வா.”

சரி, அவர் பணம், அவர் முடிவு. ஆனால் ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்துக்குத் தந்த ரசீதில் அதே பழைய வரி இருந்தது. அக்கா பேனாவால் அதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: கிராஜுவிட்டி, விடுப்பு, பிப்ரவரி சம்பளம் ஆகியவற்றுக்கு மட்டும், 2023-24 போனஸ் நிலுவை. எச்.ஆர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கன்சல்டன்ட் தலையசைத்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

மீதி

போனஸை வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் மறந்தே போகிறார்கள். நிதியாண்டில் முப்பது நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ராஜினாமா செய்தாலும் பார்த்த மாதங்களுக்கு உண்டு. மோசடி, திருட்டு, வன்முறை போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவருக்குத்தான் கிடையாது. குறைந்தது 8.33 சதவீதம், நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள். ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை பதினொரு மாதத்துக்கு, மாதம் 7,000 ரூபாய் அடிப்படையில் 6,414 ரூபாய். அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 7,000-ஐ விட அதிகமென்றால் கணக்கே அதில்தான் போட வேண்டும். அது வேறு சண்டை, நாங்கள் இறங்கவில்லை. தீபாவளிக்கு யார்டில் எல்லாருக்கும் போட்டார்கள், இவருக்கு இல்லை. எட்டு மாதக் கெடு நவம்பர் 30 என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டோம். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது.

அக்காவின் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் தொடங்கியது. போனஸ் என்ற சொல்லை அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் யார்டில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முப்பது பேரும் தங்களைத் தொழிலாளி என்று நினைத்துக்கொண்டதே இல்லை.

பி.எஃப். விவகாரம் பெரிதாக இல்லை. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியவில்லை. கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து அக்காவே பதிந்துகொண்டார். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும். இதை எடுத்துவிட்டால் ஆறரை வருடத்துக்கு மேற்பட்ட சேவை வீண்.

இந்தக் கதை பழைய சட்டங்கள் இருந்தபோது நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. ராஜினாமா செய்கிறவர்களுக்கு அதில் பெரிய மாற்றம், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது. முன்பு இந்த இரண்டு நாள் கெடு கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினால்தான். இப்போது ராஜினாமாவும் அதே வரியில் இருக்கிறது. நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று இன்னமும் கம்பெனி விதியில் அடித்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். கிராஜுவிட்டிக்கு அதே முப்பது நாள்தான். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடக் காத்திருப்பு இல்லை, ஒரு வருடம் போதும்.

இன்னொன்று, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ‘ஊதியம்’ ஆகிவிடும். அக்காவுக்கு பேசிக் ஏற்கெனவே பாதிக்கு மேல், அதனால் வித்தியாசம் இல்லை. அதே 24,000-ல் பேசிக்கை 8,000 என்று போட்டு வைத்திருக்கிற கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடக் கிராஜுவிட்டி முன்பு 32,308 ரூபாய். இப்போது 12,000-க்குக் கணக்குப் போட்டு 48,462.

எங்கள் அலுவலகத்தில் செட்டில்மென்ட் தாளை அடிப்பது நான்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அதில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ‘எந்தத் தேதிக்குள்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். கீழே இருந்த ‘எந்தப் பாக்கியும் இல்லை’ வரியை எடுத்துவிட்டேன். முதலாளி பார்த்தார். “கட்டம் இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்த வரியைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக.